மறைஞானம்: அடையாற்றுக் கர்னல் தேடிய உண்மை

"மறைஞானம்" என்ற சொல்லை இப்போது எதன்மீது வேண்டுமானாலும் ஒட்டிவிடுகிறார்கள். பில்லி சூனியமும் மறைஞானம், ஜாதகமும் மறைஞானம், நள்ளிரவில் பாழடைந்த பங்களாவுக்குக் கேமராவோடு போகும் வீடியோவும் மறைஞானம். எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் எல்லாவற்றையும் "மோசடி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். இந்தக் கூச்சலில் ஒரு கேள்வி காணாமல் போகிறது. படித்தவர், நேர்மையானவர், கணக்குவழக்கில் கறாரானவர் ஒருவர் தன் வாழ்க்கையில் முப்பது ஆண்டுகளை இதற்கே கொடுத்துவிட்டு, "நான் தேடியது உண்மையை" என்கிறார். அந்தத் தேடல் எப்படி நடந்தது? எதை ஆதாரம் என்று எடுத்துக்கொண்டார்? எந்த இடத்தில் சறுக்கினார்?

அப்படி ஒருவர் சென்னை அடையாற்றில் வாழ்ந்து அங்கேயே இறந்தார். கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட். பிரம்மஞான சபையின், அதாவது தியோசாஃபிகல் சொசைட்டியின், முதல் தலைவர். அவரை வைத்தே மறைஞானம் என்ற கருத்தைப் புரிந்துகொள்ளலாம். முதலில் அந்தச் சொல்.

பரிசோதனைச் சீட்டிலிருந்து தொடங்குவோம்

சில மாதங்களுக்கு முன் அப்பாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த பரிசோதனைகளில் ஒன்றின் பெயர் "ஸ்டூல் அக்கல்ட் பிளட்". அம்மா பயந்துபோய் என்னவென்று கேட்டார். மலத்தில் ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான். வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம். வேதிப்பொருள் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அக்கல்ட் என்றால் மறைந்திருப்பது என்று பொருள். லத்தீனிலிருந்து வந்த சொல். நிலா குறுக்கே வந்து ஒரு நட்சத்திரத்தை மறைப்பதற்கும் வானியலில் இதே வேரிலிருந்து வந்த சொல்தான்.

இடைக்கால ஐரோப்பியப் பண்டிதர்கள் இதை ஒரு கலைச்சொல்லாகவே வைத்திருந்தார்கள். நெருப்பு சுடுகிறது, தண்ணீர் நனைக்கிறது. இவை புலனுக்கு நேரடியாகத் தெரியும் குணங்கள். காந்தம் இரும்பை இழுக்கிறதே, அது? இழுப்பது தெரிகிறது, எதனால் இழுக்கிறது என்பது தெரியவில்லை. அதை அக்கல்ட் குணம் என்றார்கள். பிற்பாடு நியூட்டன் ஈர்ப்புவிசையைச் சொன்னபோது, ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸ் அவர்மீது வைத்த குற்றச்சாட்டும் இதுதான்: மறுபடியும் ஒரு மறைகுணத்தைக் கொண்டுவருகிறார் என்று. அந்தக் காலத்தில் இந்தச் சொல்லில் பேயும் இல்லை, பில்லியும் இல்லை. விளைவு கண்முன் இருக்கிறது, காரணம் மறைந்திருக்கிறது என்பதுதான் பொருள்.

தமிழில் "மறை" என்ற சொல்லும் இப்படித்தான். ஒளித்துவைப்பதும் மறை, வேதமும் மறை. மேலோட்டமாகப் பார்ப்பவருக்குப் பிடிபடாதது என்ற எண்ணம் இரண்டிலும் ஓடுகிறது.

இனி இந்தக் கட்டுரையில் மறைஞானம் என்று சொல்லும்போதெல்லாம் நான் குறிப்பது இதை: உலகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒழுங்கு இருக்கிறது, தக்க பயிற்சி உள்ள மனிதர் அதை நேரடியாக அறிய முடியும் என்ற நம்பிக்கை, அதற்கான பயிற்சிமுறைகள். அடுத்தவருக்குக் கெடுதல் செய்ய வைக்கும் ஏவல் இதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மையம் அதுவல்ல.

உள்ளே என்ன இருக்கிறது

"அண்டத்தில் உள்ளதே பிண்டம்" என்று சித்தர் மரபில் ஒரு வாக்கு உண்டு. பிரபஞ்சம் எப்படியோ உடம்பும் அப்படி. ஐரோப்பிய ரசவாதிகளும் கிட்டத்தட்ட இதையே சொன்னார்கள்: மேலே இருப்பது போலக் கீழே. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை அறியலாம், ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும் என்ற இந்த எண்ணத்துக்கு ஒத்திசைவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். சூரியனுக்குத் தங்கம், சந்திரனுக்கு வெள்ளி, செவ்வாய்க்கு இரும்பு, சனிக்கு ஈயம் என்று அவர்கள் கோள்களையும் உலோகங்களையும் ஜோடி சேர்த்தது இதன்படிதான். சோதிடம், ரசவாதம், எண் சோதிடம் எல்லாமே இந்த ஒரு வேரில் கிளைத்தவை.

அடுத்தது பயிற்சி. கச்சேரியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் "சுருதி கொஞ்சம் விலகுகிறதே" என்று முகம் சுளிப்பார். நமக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்கும். பத்து வருடம் தம்புராவோடு உட்கார்ந்த காதுக்கு மட்டும் அந்த விலகல் கேட்கிறது. மறைஞானியும் இதைத்தான் சொல்கிறார்: தியானம், விரதம், மூச்சு, மௌனம் என்று தன்னைப் பழக்கிக்கொண்டவருக்கு மற்றவர்களுக்குத் தெரியாதது தெரியும்.

அப்புறம் ரகசியம். கற்றது எல்லாருக்கும் சொல்லப்படுவதில்லை. குரு தகுதி பார்த்துத் தீட்சை கொடுப்பார். தீட்சை என்பது ஒருவரை உள்ளே சேர்த்துக்கொண்டு உபதேசம் தரும் சடங்கு. எழுதிவைத்தாலும் பரிபாஷையில், அதாவது உள்ளே இருப்பவருக்கு மட்டும் புரியும் குறிப்புச் சொற்களில், எழுதிவைப்பார்கள்.

இதுவரை பார்த்ததை ஒரு மூச்சில் சொன்னால்: மறைந்த ஒழுங்கு ஒன்று உண்டு, பழகிய மனம் அதைக் காணும், கண்டதைத் தகுதி உள்ளவருக்கு மட்டும் சொல்வார்கள்.

தேங்காய் நிமிர்ந்தால் தண்ணீரா?

இனிமேல்தான் சிக்கலான இடம். சுருதிக் காதையும் ஞானக் கண்ணையும் ஒப்பிட்டேன் அல்லவா? அந்த ஒப்பீடு ஓரிடத்தில் முறிகிறது. அதை நான் தெரிந்துகொண்டது எங்கள் மாமாவின் கொல்லையில்.

போர்வெல் போடுவதற்கு முன் நீரோட்டம் பார்ப்பவரைக் கூப்பிட்டிருந்தார் மாமா. அவர் உரித்த தேங்காய் ஒன்றை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தார். வேப்பமரத்தைத் தாண்டியதும் தேங்காய் மெல்ல எழுந்து குடுமி மேலாக நின்றது. நான் ஒரு சாண் தூரத்திலிருந்து பார்த்தேன். அவர் விரல் அசைந்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் தண்ணீரும் வந்தது. சரி, பக்கத்து வயல்காரர் யாரையும் கூப்பிடாமல், லாரி நிற்க வசதியான மூலையில் போட்டார். அவருக்கும் வந்தது.

அந்தப் பெரியவர் ஏமாற்றுக்காரர் அல்லர். மாமா கொடுத்த பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்படியானால் தேங்காயை நிமிர்த்தியது எது?

இதற்கு நல்ல விடை 1853-இல் மைக்கேல் ஃபாரடே செய்த சோதனையில் இருக்கிறது. மின்சாரத்திலும் காந்தத்திலும் பெயர் பெற்ற அதே ஃபாரடே. அப்போது லண்டனில் மேஜை சுற்றும் மோகம் பரவியிருந்தது. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கைகளை மேலே வைப்பார்கள், மேஜை தானாக நகரும். ஆவிகள் நகர்த்துகின்றன என்றார்கள். ஃபாரடே மேஜைக்கும் கைகளுக்கும் நடுவே அட்டைகளை அடுக்கி, இடையிடையே இளகிய பசை வைத்தார். மேஜை முதலில் நகர்ந்தால் கீழ் அட்டைகள் முந்தும். கை முதலில் தள்ளினால் மேல் அட்டைகள் முந்தும். பிரித்துப் பார்த்தபோது மேல் அட்டைகள் முந்தியிருந்தன. பிறகு கை தள்ளுவதை உடனுக்குடன் காட்டும் முள் ஒன்றைப் பொருத்தினார். தள்ளுவது கண்ணுக்குத் தெரிந்ததும் மேஜை நகர்வதே நின்றுபோனது.

உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. தாங்கள் தள்ளுவது அவர்களுக்கே தெரியாது. எண்ணமே தசையை அசைத்துவிடுவதற்கு ஐடியோமோட்டர் விளைவு என்று பெயர். தேங்காய், ஊசல், ஆவியோடு பேச வைக்கும் எழுத்துப் பலகைமேல் ஓடும் டம்ளர் எல்லாவற்றுக்கும் பின்னால் பெரும்பாலும் இதுதான்.

இங்கே மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தேங்காய் நிமிர்ந்தது என்பது அனுபவம். நீரோட்டம் இழுத்தது என்பது விளக்கம். இரண்டும் ஒன்றுதானா என்று அடுத்தவர் தெரிந்துகொள்ள வழி இருந்தால் அது சோதனை. சுருதி விலகியதா என்பதை இன்னொரு வித்வானைக் கேட்டும், கருவி வைத்தும் சரிபார்க்கலாம். ஞானக் கண் கண்டதை யாரை வைத்துச் சரிபார்ப்பது? மறைஞானத்தின் உண்மைத் தேடல் முழுக்க இந்த இடத்தில்தான் திணறுகிறது. ஆல்காட்டும் இங்கேதான் திணறினார்.

ஆவியை எடை போட்டவர்

ஆல்காட் 1832-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். விவசாய ஆராய்ச்சியில் தொடங்கி, உள்நாட்டுப் போரின்போது ராணுவக் கொள்முதல் ஊழல்களைக் கண்டுபிடிக்கும் பொறுப்புக்கு வந்தார். பொய்க் கணக்கு, போலி பில், லஞ்சம் இவற்றைத் தோண்டி எடுப்பதுதான் வேலை. கர்னல் பட்டம் அப்போது வந்தது. லிங்கன் கொலை விசாரணையிலும் அவருக்குப் பங்கு உண்டு. பிறகு வழக்கறிஞர் ஆனார். ஏமாற்றுக்காரர்களைப் பிடிப்பதையே தொழிலாகச் செய்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1874-இல் வெர்மாண்ட் மாநிலத்தின் சிட்டெண்டன் கிராமத்தில் எட்டி சகோதரர்கள் என்ற விவசாயிகள் வீட்டில் ஆவிகள் உருவெடுத்து வருவதாகச் செய்தி வந்தது. அந்தச் சகோதரர்கள் மீடியம்கள், அதாவது ஆவிகள் தம் வழியாகப் பேசவும் தோன்றவும் செய்கின்றன என்று சொல்பவர்கள். பத்திரிகைக்காக ஆல்காட் அங்கே போனார். அறையை அளந்து வரைபடம் போட்டார். ரகசியக் கதவு இருக்கிறதா என்று தச்சு வேலை தெரிந்தவரை வைத்துச் சோதித்தார். எடை போடும் மேடைத் தராசு ஒன்றைக் கொண்டுவந்து, தோன்றிய உருவத்தை அதில் ஏறி நிற்கச் சொன்னார். எடை ஒரே மாதிரி இல்லாமல் மாறி மாறிக் காட்டியது.

இந்தத் தராசை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்மீது மரியாதை வருகிறது. பரவசப்பட்டுக் கைகூப்பி உட்கார்ந்திருக்கலாம், சிரித்துவிட்டுத் திரும்பியும் வந்திருக்கலாம். அவர் எடை போட்டார். ஆனால் இருட்டறையில், மீடியம் வைத்த விதிகளுக்கு உட்பட்டு நடக்கும் சோதனையில் தராசு காட்டும் எண் எதை நிரூபிக்கும்? ஏதோ ஒரு பொருள் தராசின்மேல் இருந்தது என்பதை மட்டும்.

அந்தப் பண்ணைவீட்டில்தான் அவர் ஹெலனா பிளாவட்ஸ்கியைச் சந்தித்தார். ரஷ்யப் பிரபுக் குடும்பத்தில் பிறந்து, உலகம் சுற்றி வந்ததாகச் சொன்ன பெண்மணி. இமயத்துக்கு அப்பால் வாழும் மகாத்மாக்களிடம் பாடம் கேட்டவர் என்றும் சொன்னார். 1875-இல் நியூயார்க்கில் இருவரும் சிலரோடு சேர்ந்து பிரம்மஞான சபையைத் தொடங்கினார்கள். மனிதனுக்குள் உறங்கும் சக்திகளை ஆராய்வதும் சபையின் குறிக்கோள்களில் ஒன்றானது. காசி மகாராஜா குடும்பத்தின் வாசகத்தைச் சபையின் வாசகமாக எடுத்துக்கொண்டார்கள்: "சத்யாந் நாஸ்தி பரோ தர்மஹ". உண்மையைவிட உயர்ந்த தர்மம் இல்லை. ஆங்கிலத்தில் போட்டபோது தர்மம் என்பதை மதம் என்று மாற்றிக்கொண்டார்கள். பொருள் சற்றே நகர்ந்தாலும் சபையின் வேகம் முழுவதும் அந்த வரியில் இருந்தது.

மேஜைமேல் ஒரு தலைப்பாகை

நியூயார்க்கில் இருந்தபோது ஓர் இரவு நடந்ததைப் பிற்பாடு ஆல்காட்டே எழுதியிருக்கிறார். தன் அறையில் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று பக்கத்தில் உயரமான ஓர் இந்தியர், வெள்ளை உடை, தலைப்பாகை. மகாத்மாக்களில் ஒருவர் என்று உணர்ந்தார். பேசினார்கள். நடுவில் ஆல்காட் மனத்தில் ஒரு சந்தேகம்: இது பிரமையாக இருந்தால்? பிளாவட்ஸ்கி என்னை மயக்கி இதைக் காணவைக்கிறாரோ? கையில் தொடும்படி ஏதாவது விட்டுச் சென்றால் நன்றாக இருக்குமே! வந்தவர் அந்த எண்ணத்தைப் படித்தவர்போலப் புன்னகைத்து, தலைப்பாகைத் துணியை அவிழ்த்து மேஜைமேல் வைத்துவிட்டு மறைந்தார். அந்தத் துணியை ஆல்காட் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார்.

மறைஞானியின் தேடலை ஒரே காட்சியில் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். சந்தேகம் சரியான இடத்தில், சரியான கேள்வியாக எழுந்தது. அதற்குக் கிடைத்த விடை ஒரு துணி. துணி நிஜம்தான், ஆனால் துணி எப்படி மேஜைக்கு வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அனுபவத்துக்குச் சாட்சி கிடைத்துவிட்டது, விளக்கத்துக்குக் கிடைக்கவில்லை. இந்த வித்தியாசத்தைக் கவனிக்க அந்த இரவில் அவரால் முடியவில்லை. அவர் இடத்தில் இருந்தால் எனக்கும் முடிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அடையாற்றுப் பெட்டி

1879-இல் இருவரும் பம்பாய் வந்தார்கள். 1882 டிசம்பரில் சபையின் தலைமையகம் அடையாற்றுக் கரைக்கு வந்தது. பிளாவட்ஸ்கியின் அறையை ஒட்டிய அறையில், சுவரில் ஒரு மரப்பெட்டி மாட்டியிருந்தது. மகாத்மாக்களின் கடிதங்கள் அதில் தோன்றும் என்றார்கள். ஒரு முறை, வந்திருந்த விருந்தினர் முன்னால் உள்ளே இருந்த பீங்கான் தட்டு விழுந்து உடைந்தது. துண்டுகளைத் துணியில் கட்டிப் பெட்டிக்குள் வைத்துச் சாத்தினார்கள். சில நிமிடத்தில் திறந்தால் முழுத் தட்டு, கூடவே ஒரு கடிதம்.

1884-இல் வீட்டு நிர்வாகம் பார்த்த கூலோம் தம்பதி சபையோடு சண்டையாகி வெளியே வந்து, எல்லாமே ஏற்பாடு என்றார்கள். பிளாவட்ஸ்கி எழுதியவை என்று சொல்லிச் சில கடிதங்களையும் வெளியிட்டார்கள். ஆவி, அற்புதம் போன்றவற்றை ஆராய லண்டனில் இருந்த சைக்கிகல் ரிசர்ச் கழகம் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற இளைஞரை அடையாற்றுக்கு அனுப்பியது. அவர் வந்து சேர்வதற்கு முன்பே அந்தப் பெட்டியைச் சபையினர் சிலர் எரித்துவிட்டிருந்தார்கள். 1885-இல் வந்த அறிக்கை பிளாவட்ஸ்கியை வரலாற்றின் கெட்டிக்கார ஏமாற்றுக்காரர்களில் ஒருவர் என்றது. ஆல்காட்டை அப்படிச் சொல்லவில்லை. எளிதில் நம்பிவிடுபவர், சரியாகக் கவனிக்கத் தெரியாதவர் என்றது. நூறு ஆண்டு கழித்து, 1986-இல், அதே கழகத்தின் இதழில் வெர்னன் ஹாரிசன் என்ற கையெழுத்து நிபுணர் ஹாட்ஜ்சனின் முறையே ஒருதலைப்பட்சமானது என்று கடுமையாக விமர்சித்தார். அவர் விமர்சித்தது விசாரணை நடந்த விதத்தை. தட்டு அற்புதத்தால் சேர்ந்தது என்று அவர் சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை இரண்டு தரப்புமே அடிக்கடி விட்டுவிடுகின்றன.

பெட்டியை எரித்தது எனக்கு இன்றும் வலிக்கிறது. "உண்மையைவிட உயர்ந்தது இல்லை" என்று வாசலில் எழுதியவர்கள் வீட்டில் நடந்தது அது. பெட்டி இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் ஒரு தச்சர் பதில் சொல்லியிருப்பார்.

சுருக்கமாக: அனுபவங்கள் நிறைய இருந்தன, சாட்சிகளும் இருந்தார்கள், அடுத்தவர் சரிபார்க்கும் வாய்ப்பு வந்தபோது பொருள் இல்லை.

திரும்பிப் பார்த்தபோது

பிளாவட்ஸ்கி 1891-இல் லண்டனில் இறந்தார். அடுத்த ஆண்டே ஆல்காட் தன் நினைவுகளைச் சபையின் இதழில் தொடராக எழுதத் தொடங்கினார். 1878-க்கு முந்தைய நாட்குறிப்புகள் கையில் இல்லாததால் அந்தப் பகுதியை ஞாபகத்திலிருந்தே எழுதினார். ஏன் எழுதினார் என்பதுதான் முக்கியம். சபைக்குள் பிளாவட்ஸ்கியைத் தெய்வமாக்கும் போக்கு வளர்ந்துகொண்டிருந்தது, அதைத் தடுக்க வேண்டும் என்பது ஒரு காரணம். பிளாவட்ஸ்கியின் கோபத்தையும் முரண்பாடுகளையும் அப்படியே எழுதினார். பிளாவட்ஸ்கியின் எழுத்து எங்கிருந்து வந்தது என்பதற்குப் பல விளக்கங்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். தான் கண்ட சிலவற்றை, பார்ப்பவர் மனத்தை மயக்கி உண்டாக்கிய மாயை என்றும் ஒத்துக்கொண்டார். நம்பிக்கையை அவர் விடவில்லை. ஆனால் நம்புகிறவர்களுக்கு வசதியாக இல்லாத தகவல்களை மறைக்கவும் இல்லை. மறைஞானத்தில் இந்த நேர்மை அபூர்வம்.

அவர் வாழ்க்கையில் இன்னொரு பாதி உண்டு. 1880-இல் இலங்கையின் காலி நகரில் பஞ்சசீலம் என்ற ஐந்து ஒழுக்க உறுதிகளை ஏற்றுப் பௌத்தர் ஆனார். கொழும்பில் ஆனந்தா கல்லூரி 1886-இல் தொடங்கியதில் அவர் கை உண்டு. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் சிலை இன்றும் நிற்கிறது. அதே 1886-இல் அடையாறு நூலகத்தைத் தொடங்கி ஓலைச்சுவடிகளைச் சேர்த்தார். 1894-இல், பல பள்ளிகளில் சேர்த்துக்கொள்ளாத ஒடுக்கப்பட்ட சமூகக் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். ஆல்காட் பெயரில் பெசன்ட் நகரில் இருக்கும் பள்ளி அதன் தொடர்ச்சி. 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தம் தேடி இலங்கை சென்றபோது துணைநின்றவரும் ஆல்காட்தான்.

இந்தப் பாதிக்குச் சோதனைச் சிக்கலே இல்லை. பள்ளி நடந்ததா, எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், பதிவேட்டைப் புரட்டினால் தெரியும். ஆனால் இரண்டு பாதிகளையும் பிரித்து எடுக்க ஆல்காட் சம்மதிக்கமாட்டார். மகாத்மாக்கள் சொன்னதால்தான் இந்தியாவுக்கே வந்தேன் என்பார்.

கடைசி வாரங்கள்

1907 ஜனவரியில் அடையாற்றில் படுத்த படுக்கையாக இருந்தார். மகாத்மாக்கள் படுக்கையருகே தோன்றி, அடுத்த தலைவராக அன்னி பெசன்ட்டை முன்மொழியச் சொன்னதாக அறிவித்தார். உடனிருந்த சிலரும் கண்டதாகச் சொன்னார்கள். சபைக்குள்ளேயே பலர் ஏற்கவில்லை. நோயாளியின் அறையில் கண்ட காட்சியை வைத்து உலகம் முழுக்க இருக்கும் ஓர் அமைப்புக்குத் தலைவரைத் தீர்மானிக்கலாமா என்று இதழ்களில் சண்டை நடந்தது. தலைப்பாகைத் துணி எழுப்பிய அதே கேள்வி, முப்பது வருடம் கழித்து, அவர் கட்டிலருகே வந்து நின்றது.

பிப்ரவரி 17 அன்று ஆல்காட் இறந்தார். சபையின் விதிப்படி நாடு நாடாக உறுப்பினர்களுக்கு வாக்குச்சீட்டு போனது. எண்ணிப் பார்த்தார்கள். பெரும்பான்மை வாக்கில் அன்னி பெசன்ட் தலைவரானார்.